சாவுப் படுக்கையில் பொய்: டால்ஸ்டாயைப் படிக்க ஒரு வழி

வாழ்வு, சாவு, அன்பு, உண்மை என்று நாலு தலைப்புப் போட்டு டால்ஸ்டாயின் வாசகங்களைக் காலண்டர் தாளில் அச்சடிப்பது சுலபம். அவருக்கே அந்தப் பழக்கம் இருந்தது. கடைசிக் காலத்தில் உலகத்து ஞானிகளின் வாக்குகளை நாள்வாரியாகப் பிரித்துப் புத்தகம் போட்டார். கதை எழுதும் டால்ஸ்டாய் வேறு ஆள். அவருக்கு இந்த நாலும் தனித்தனிச் சரக்கு அல்ல. ஒருவன் சாகக் கிடக்கும்போதுதான் அவன் எவ்வளவு பொய்யோடு வாழ்ந்தான் என்பது வெளியே வருகிறது. அந்தப் பொய் விலகினால், விலகிய இடத்தில் அன்பு தலைகாட்டுகிறது. 26 வயதில் எழுதிய போர்க்களக் கதையிலும் 66 வயதில் எழுதிய பனிப்புயல் கதையிலும் கணக்கு இதுதான்.

போர்க்களக் கதை 1855-இல் வந்தது. கிரிமியப் போரில் செவஸ்தோபோல் நகரம் முற்றுகையில் இருந்தபோது அவர் அங்கே பீரங்கிப் படை அதிகாரி. 'மே மாதத்தில் செவஸ்தோபோல்' கதையில் பிரஸ்கூஹின் என்ற அதிகாரியின் காலடியில் குண்டு ஒன்று திரி எரிய விழுந்து சுழல்கிறது. வெடிக்க ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் அவன் மனதில் ஓடுபவற்றை டால்ஸ்டாய் வரிவரியாக எழுதிக்கொண்டே போகிறார்: சக அதிகாரி மிஹாய்லவுக்குத் தர வேண்டிய 12 ரூபிள், பீட்டர்ஸ்பர்க்கில் பாக்கி நிற்கும் இன்னொரு கடன், ஊதா ரிப்பன் வைத்த தொப்பியணிந்த ஒரு பெண். குண்டு வெடிக்கிறது. வெறும் அடிதான், பிழைத்துவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அவன் அதே இடத்தில் செத்துவிட்டான் என்று கதை ஒற்றை வரியில் முடித்துவைக்கிறது. நாட்டுக்காக உயிர்விட்டவனின் கடைசி நினைப்பு 12 ரூபிள் கடன். தணிக்கை அதிகாரி கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கதையின் முடிவில்தான் டால்ஸ்டாய், இதில் நல்லவனும் இல்லை கெட்டவனும் இல்லை, என் கதாநாயகன் உண்மை என்று அறிவித்தார். இளமைத் திமிரில் சொன்ன வாக்கியம் என்றாலும் அவர் அதிலிருந்து பின்வாங்கவே இல்லை.

மூன்று ஆண்டு கழித்து அதே கணக்கைக் கூட்டல் கழித்தல் போல எளிமையாக்கி 'மூன்று சாவுகள்' என்ற சிறுகதை எழுதினார். அது வெளியானது 1859-இல். பணக்காரச் சீமாட்டி ஒருத்தி காசநோயோடு வெளிநாட்டுக்குப் போகிறாள். காற்று மாறினால் பிழைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், சுற்றியிருப்பவர்களும் ஆமோதிக்கிறார்கள். வழியிலுள்ள வண்டிக்காரர் விடுதியில் அடுப்பின்மேல் ஃபியோதர் என்ற கிழவர் இருமிக்கொண்டு கிடக்கிறார். தன் புதுப் பூட்ஸ்களை செர்யோகா என்ற இளைஞனுக்குக் கொடுத்து, பதிலுக்குக் கல்லறைமேல் ஒரு கல் வை என்கிறார். பேரம் முடிந்தது, செத்துப்போகிறார். கல் வாங்க மறந்த செர்யோகா, சிலுவை செய்யவாவது மரம் வேண்டுமே என்று விடியற்காலையில் காட்டில் ஒரு மரத்தை வெட்டுகிறான். அந்த மரம்தான் மூன்றாவது சாவு. 1858-இல் உறவினர் அலெக்சாந்திராவுக்கு எழுதிய கடிதத்தில் டால்ஸ்டாய் இதற்கு உரையே எழுதிவிட்டார். சீமாட்டி வாழ்நாளெல்லாம் பொய் சொன்னாள், சாவின் முன்னும் சொல்கிறாள், கிழவர் சொல்லவில்லை, மரத்துக்குப் பொய் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் அதன் சாவு அழகாக இருக்கிறது. கதையாக இது கொஞ்சம் ஈசாப் நெடி அடிக்கிறது. ஏழை நல்லவன், பணக்காரி பொய்க்காரி என்று படித்துவிட வசதியாகவும் இருக்கிறது. ஆனால் கிழவர் யாரையும் நேசிக்கவில்லை, எந்த உபதேசமும் செய்யவில்லை. பூட்ஸ் இனித் தனக்குப் பயன்படாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறார்.

இந்த ஆள் ஏன் சாவையே சுற்றிச் சுற்றி வந்தார் என்பதற்குக் குடும்பக் கணக்கைப் பார்த்தால் போதும். 1828-இல் பிறந்தார். இரண்டு வயது ஆகுமுன் தாய் போனார். ஒன்பதாவது வயதில் தந்தை. 1856-இல் அண்ணன் திமீத்ரி, 1860-இல் மூத்த அண்ணன் நிக்கோலாய், இருவருக்கும் காசநோய். தெற்குப் பிரான்ஸில் ஹியேர் என்ற ஊரில் நிக்கோலாய் இறந்தபோது டால்ஸ்டாய் கூடவே இருந்தார். சிறுவயதில், எல்லா மனிதரும் சண்டையின்றி இன்பமாக வாழும் ரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதப்பட்டிருக்கிறது, அது நம் காட்டில் பள்ளத்து ஓரம் புதைந்திருக்கிறது என்று தம்பிகளுக்குக் கதை கட்டியவர் இந்த நிக்கோலாய்தான். டால்ஸ்டாய் தன்னை அந்த இடத்திலேயே புதைக்கச் சொன்னார். அவர் பிறந்து வாழ்ந்த பண்ணையான யாஸ்னயா போல்யானாவில் உள்ள அந்தப் புல்மேட்டில் இன்றும் சிலுவையோ பெயர்க்கல்லோ இல்லை. பிறகு அவருடைய பிள்ளைகள்: பிறந்த 13 பேரில் 5 பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். அதில் 3 சாவுகள் 1873-க்கும் 1875-க்கும் இடையில், 'அன்னா கரீனினா' எழுதிக்கொண்டிருந்த நாட்களில்.

நடுவில் 1869 செப்டம்பர். 'போரும் அமைதியும்' முடியும் தறுவாய், உடம்பில் நோய் இல்லை, கையில் காசு உண்டு, பென்சா பக்கம் நிலம் வாங்கப் போகிறார். அர்சமாஸ் என்ற ஊர் விடுதியில் நள்ளிரவு தாண்டி ஒரு பீதி பிடித்துக்கொண்டது; மனைவிக்கு அதைக் கடிதத்தில் எழுதினார். பின்னால் 'ஒரு பைத்தியக்காரனின் குறிப்புகள்' என்று தொடங்கி முடிக்காமல் விட்ட கதையில் அந்தப் பயங்கரத்தைச் சிவப்பாக, வெள்ளையாக, சதுரமாக இருந்தது என்று எழுதுகிறார். பயத்துக்கு நிறமும் வடிவமும் கொடுத்து, காரணம் மட்டும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்.

அந்தப் பீதியின் விளக்கவுரைதான் 1880 வாக்கில் எழுதிய 'வாக்குமூலம்'. ரஷ்யாவில் தடுக்கப்பட்டு ஜெனீவாவில் அச்சானது. அறையில் அலமாரிகளுக்கு நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தில் தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவோமோ என்று கயிற்றை ஒளித்துவைத்ததையும், துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதை நிறுத்தியதையும் அதில் சொல்கிறார். வாழ்க்கைக்குப் பொருளில்லை என்று தெரிந்த பின் தன் வர்க்கத்து ஆட்களுக்கு நாலு வழிதான் என்று பட்டியல் போடுகிறார்: தெரியாமலே இருப்பது, தெரிந்தும் இன்பம் துய்ப்பது, துணிந்து தற்கொலை செய்துகொள்வது, துணிவில்லாமல் இழுத்துக்கொண்டு கிடப்பது. தன்னை நாலாவதில் வைக்கிறார்.

அந்த நூலின் மையமான உவமை நமக்குப் புதிதல்ல. மிருகம் துரத்த ஒருவன் கிணற்றுக்குள் குதிக்கிறான். அடியில் டிராகன் வாய் பிளந்து நிற்கிறது. சுவர் இடுக்கில் முளைத்த செடியைப் பிடித்துத் தொங்குகிறான். ஒரு வெள்ளெலியும் ஒரு கருப்பெலியும் அதன் தண்டைக் கொறிக்கின்றன. இலையில் வழியும் தேன்துளியை நாக்கை நீட்டி நக்குகிறான். கிழக்குத் தேசத்துப் பழங்கதை என்று மட்டும் டால்ஸ்டாய் சொல்கிறார். மகாபாரத ஸ்த்ரீ பர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொல்லும் கதை இது. தமிழில் சூளாமணி இதையே யானை துரத்த, பாம்புக் குழியில் தொங்கிக்கொண்டு தேன் நக்குபவனாக ஒரே பாட்டில் அடைத்துவிட்டது. புத்தர் வரலாறு கிறிஸ்தவத் துறவியின் கதையாக வேடம் மாற்றி மேற்கே போனபோது இந்தக் கிணறும் கூடவே போனது. டால்ஸ்டாய் சேர்த்தது, தன் விஷயத்தில் அந்தத் தேன் எது என்ற விவரத்தை: ஒரு துளி குடும்பத்தின் மேல் உள்ள அன்பு, இன்னொரு துளி எழுத்து. இரண்டும் இனிக்கவில்லை என்கிறார். சூளாமணிப் புலவருக்கு மானிட இன்பம் பொதுவாகவே துச்சம். டால்ஸ்டாய்க்கு இனித்தது நின்றுபோனதுதான் பிரச்சினை. இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம் உண்டு.

1886-இல் வந்த 'இவான் இலியிச்சின் மரணம்' இதையெல்லாம் வாதமாக அல்லாமல் நடப்பாகக் காட்டுகிறது. தூலா நீதிமன்றத்தில் இருந்த இவான் இலியிச் மெச்னிகோவ் என்பவர் 1881-இல் இறந்த செய்திதான் விதை. 1908-இல் நோபல் பெற்ற உயிரியலாளர் மெச்னிகோவின் அண்ணன் அவர். கதை 12 அத்தியாயம். சாவுச் செய்தியில் தொடங்கி, பின்னோக்கிப் போய், மீண்டும் சாவுக்கு வருகிறது. தொடக்கத்தில் ஒரு அத்தியாயத்துக்குள் பல ஆண்டுகள் ஓடும். போகப் போக மாதம், வாரம், நாள், கடைசியில் மணி என்று காலம் ஒடுங்கும். அத்தியாயங்களும் குறுகும். வாசகனையும் சேர்த்து ஒரு பைக்குள் திணிப்பது போன்ற அமைப்பு. கதைக்குள்ளும் அவன் தன்னைக் கருப்புச் சாக்கு ஒன்றுக்குள் யாரோ தள்ளுவதாகத்தான் உணர்கிறான்.

முதல் அத்தியாயத்தில் சக நீதிபதிகள் செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பைப் படிக்கிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் முதலில் எழுவது, அந்த நாற்காலிக்கு யார், அவர் நாற்காலிக்கு யார் என்ற பதவி உயர்வுக் கணக்கு. அடுத்தது, செத்தது அவன், நானில்லை என்ற ஆறுதல். துக்கம் கேட்கப் போன நண்பர் உட்கார்ந்த மெத்தையின் ஸ்பிரிங் எகிறுகிறது. விதவை அழுகைக்கு நடுவே, அரசிடமிருந்து எவ்வளவு பணம் பெயரும் என்று விசாரிக்கிறாள். இதைப் படித்துவிட்டு எவ்வளவு கேவலமான மனிதர்கள் என்று முகம் சுளிப்பது முதல் தவறு. இரண்டாம் அத்தியாயம் தொடங்கியதுமே தெரியும், இவான் இலியிச்சும் அவர்களில் ஒருவர்தான். அவர் இடத்தில் வேறு யார் செத்திருந்தாலும் இவரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்.

அவர் தீயவர் அல்ல. லஞ்சம் வாங்கவில்லை. சம்பளம் 5,000 ரூபிளும் இடமாற்றப் படி 3,500 ரூபிளும் கிடைத்ததும் மகிழ்ந்துபோய்ப் புது வீட்டைத் தானே அலங்கரிக்கிறார். திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று வேலைக்காரனுக்குக் காட்ட ஏணியில் ஏறி, வழுக்கி, ஜன்னல் சட்டத்தின் குமிழில் விலா இடித்துக்கொள்கிறார். அங்கிருந்து தொடங்குகிறது நோய். என்ன நோய்? இடம் பெயர்ந்த சிறுநீரகம் என்கிறார் ஒரு வைத்தியர், குடல்வால் என்கிறார் இன்னொருவர். மருத்துவம் தெரிந்த வாசகர்கள் புற்றுநோயா வேறொன்றா என்று தீர்ப்புச் சொல்லப் பார்ப்பதுண்டு. டால்ஸ்டாய் வேண்டுமென்றே அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார். நோயாளிக்கு வேண்டியது ஒரே பதில்: உயிருக்கு ஆபத்தா, இல்லையா. வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்காதது போல நகர்கிறார். நீதிமன்றத்தில் குற்றவாளியின் முன் தான் காட்டிய அதே முகம் இது என்பது இவான் இலியிச்சுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

தர்க்கப் பாடப் புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வருகிறது: காயுஸ் மனிதன், மனிதர் எல்லோரும் சாவார்கள், ஆகவே காயுஸ் சாவான். காயுஸ் சாகட்டும், சரிதான். ஆனால் கோடு போட்ட தோல்பந்தின் வாசனையை அறிந்த சின்ன வான்யா (இவானின் செல்லப் பெயர்) அல்லவா நான்? பொது உண்மை ஒருவன் பெயருக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரான பத்தி அவரிடமே வேறு இல்லை.

வலியைவிட அவரை வதைத்தது பொய் என்று டால்ஸ்டாய் வெளிப்படையாகவே எழுதுகிறார். நீ சாகவில்லை, உடம்பு சரியில்லை, அமைதியாக இருந்து மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நடிக்கிறார்கள். அவரையும் நடிக்க வைக்கிறார்கள். நடிக்காதவன் கெராசிம் ஒருவன், வீட்டு வேலைக்கு இருக்கும் கிராமத்து இளைஞன். மலம் எடுத்துப் போடுகிறான். இரவு முழுக்க எஜமானரின் கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும்தான் சாகப் போகிறோம், இந்தச் சிரமம் படக்கூடாதா என்பது அவன் பேச்சு. டால்ஸ்டாயிடம் உண்மை என்பது பெரும்பாலும் இப்படி ஒரு உடலுழைப்பாகத்தான் வருகிறது.

மொழிபெயர்ப்பில் இந்தக் கதை எங்கே கெடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவான் இலியிச்சின் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று சொல்ல டால்ஸ்டாய் சுலபமாக, இதமாக, கௌரவமாக என்ற பொருளுள்ள சொற்களைத் திரும்பத் திரும்ப அப்படியே போடுகிறார். 'கூறியது கூறல்' குற்றம் என்று நன்னூல் சொல்லிக்கொடுத்த நமக்கு ஒவ்வொரு முறையும் வேறு சொல் போடக் கை பரபரக்கும். போட்டால் கதை செத்தது. அந்தச் சலிப்புதான் அவர் வாழ்க்கை. அடுத்தது ஒரு பிரதிப்பெயர். ரஷ்யனில் சாவும் வலியும் இரண்டுமே பெண்பால் சொற்கள். அதனால் 'அவள் வந்து எதிரே நின்று பார்த்தாள்' என்று எழுதும்போது வந்தது வலியா சாவா என்று பிரிக்க முடியாது. தமிழில் 'அது' என்றால் அந்த மயக்கம் அப்படியே கிடைக்கிறது, எதிரே பெண் ஒருத்தி நிற்கும் திகில் மட்டும் போய்விடுகிறது. 'போரும் அமைதியும்' நாவலில் இளவரசர் அந்திரேய் காணும் கனவில் இதற்கு நேர்மாறு: கதவை மறுபக்கமிருந்து தள்ளும் சாவை டால்ஸ்டாய் அங்கே பெண்பாலில் சொல்லாமல் அஃறிணையில் சொல்கிறார். ரஷ்ய வாசகனுக்கு அது நெருடும். தமிழில் 'அது' என்பது இயல்பு, நெருடலே இல்லை. இதற்கு மருந்து இருப்பதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது, கதையின் உச்சம். மூன்று நாள் ஓயாமல் அலறிய பிறகு, அவர் கை பள்ளிக்கூடத்துப் பையனான மகனின் தலையில் விழுகிறது. பையன் அதைப் பிடித்து முத்தமிட்டு அழுகிறான். முதன்முறையாக அவர் தன்னை விட்டு அவர்களைப் பார்க்கிறார். இவர்களை நான் அல்லவா வதைக்கிறேன் என்று படுகிறது. மனைவியிடம் 'மன்னி' என்று சொல்ல வாயெடுக்கிறார். 'பிரஸ்தீ' என்பது 'பிரபுஸ்தீ' என்று குளறி வருகிறது. அதற்கு வழிவிடு, போக விடு என்று பொருள். திருத்தவும் தெம்பில்லாமல் கையை அசைத்துவிட்டு, புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். தமிழுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம் காத்திருக்கிறது: 'மன்னித்துவிடு' என்று தொடங்கி முன்பாதி தொண்டையில் சிக்கினால் மிஞ்சுவது 'விடு'. வீடுபேற்றின் 'வீடு' அந்த வினையிலிருந்து பிறந்ததுதான்.

அன்புக்கு வருவோம். டால்ஸ்டாயிடம் அன்பு என்று ஒரே பொருள் இல்லை. 'அன்னா கரீனினா'வில் தலைப்பிட்ட அத்தியாயம் ஒன்றே ஒன்று, அதன் தலைப்பு 'சாவு'. லெவினின் அண்ணன் ஒரு மட்டமான ஓட்டலில் செத்துக்கொண்டிருக்கிறார். சாவைப் பற்றி நூறு புத்தகம் படித்த லெவின் அந்த உடம்பைப் பார்க்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கிறார். லெவினின் மனைவி கிட்டி வைத்தியருக்கும் மருந்துக் கடைக்கும் ஆளனுப்புகிறாள், தரையைத் துடைக்க வைக்கிறாள், படுக்கை விரிப்பும் சட்டையும் மாற்றுகிறாள், தலையணையைத் திருப்பிப் போடுகிறாள். கெராசிமின் தோளும் கிட்டியின் தலையணையும் ஒரே வகை. அத்தியாயம் முடிவதற்குள் அவள் கர்ப்பம் என்பது தெரியவருகிறது. சாவு என்ற தலைப்பின் கீழ் பிறப்பைச் சொருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அந்திரேயின் சாவு இதைக் குழப்புகிறது. பொரொதினோ போரில் காயம்பட்டு, அடுத்த மேசையில் தன் எதிரியின் கால் வெட்டப்படுவதைப் பார்த்தவர், அவனையும் நேசிக்கத் தொடங்குகிறார். எல்லோரையும் நேசிப்பது என்றால் யாரையும் தனியாக நேசிக்காமல் இருப்பது, அதாவது இந்த வாழ்க்கையை விட்டு நகர்வது. அந்த நேரத்தில், முன்பு அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நத்தாஷா வந்து சேர, ஒருத்தி மேலான அன்பு அவரைத் திரும்ப வாழ்க்கைக்கு இழுக்கிறது. இரண்டும் இழுபறியாகக் கிடக்கும்போதுதான் கதவுக் கனவு வருகிறது. அன்பே வாழ்க்கை என்ற அவருடைய வாசகத்தைத் தனியே பெயர்த்தெடுத்து மேற்கோளாக்கும்போது இந்த இழுபறி காணாமல் போகிறது. அந்த எண்ணங்களே அவருக்குப் போதாமல், தெளிவில்லாமல் பட்டன என்று டால்ஸ்டாய் கையோடு எழுதியிருப்பதும்தான்.

1895-இல் வந்த 'எஜமானனும் ஆளும்' இந்தச் சிக்கலைக் குளிரில் வைத்துத் தீர்க்கிறது. தோப்பு ஒன்றை மலிவாக வாங்க, தன் பணம் 700 ரூபிளோடு தேவாலயப் பணம் 2,300 ரூபிளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பனிப்புயலில் கிளம்பும் வியாபாரியின் பெயர் பிரெஹுனோவ். 'பிரெஹூன்' என்றால் புளுகன். வழிதவறி, குதிரையில் தனியே தப்பிக்கப் பார்த்து, வட்டமடித்து வேலைக்காரன் நிகீத்தா உறைந்துகொண்டிருக்கும் இடத்துக்கே வந்து சேர்கிறார். பிறகு எதையும் யோசிக்காமல், பேரம் முடித்தவுடன் செய்வது போலச் சட்டென்று கோட்டைத் திறந்து அவன்மேல் படுத்துக்கொள்கிறார். காலையில் புளுகர் பிணம். நிகீத்தாவுக்கு மூன்று கால்விரல்கள் போயின. இன்னும் 20 ஆண்டு உயிரோடு இருந்தான்.

இந்த அன்பை அவர் கொள்கையாக மாற்றியபோது குறளும் உள்ளே வந்தது. 1908-இல் இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற நீண்ட மடலில் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து ஆறு குறள்களை எடுத்தாண்டார். காந்தி அடுத்த ஆண்டு அதைக் குஜராத்தியில் பெயர்த்தார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களும் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள்.

கதைக்குள் வேலை செய்த கணக்கு வீட்டுக்குள் பொய்த்தது. 1862-இல் மணம் முடிக்கும் முன், 34 வயது டால்ஸ்டாய் 18 வயது சோஃபியாவிடம் தன் பழைய நாட்குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார். பிற பெண்களோடு இருந்ததெல்லாம் அதில் இருந்தது. ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் நோக்கம். அந்தக் காயம் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. உண்மை சொன்னவருக்குப் பாரம் இறங்கியது, கேட்டவளுக்கு ஏறியது. எதிர்த்திசையிலும் நடந்தது: 1910-இல், அதே மனிதர் மனைவிக்குத் தெரியாமல் காட்டில் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து உயிலில் கையெழுத்திட்டார், தனக்கு மட்டுமான நாட்குறிப்பு என்று தனியாக ஒன்றைத் தொடங்கி ஒளித்து வைத்தார். அவள் அதையும் கண்டுபிடித்தாள்.

அந்த ஆண்டு பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 28 விடியுமுன் வீட்டை விட்டுப் போனார். ரயிலில் நிமோனியா. 31-ஆம் தேதி அஸ்தாப்பவோ என்ற சிறு நிலையத்தில் இறக்கி, நிலைய அதிகாரியின் வீட்டில் படுக்க வைத்தார்கள். நவம்பர் 2 இரவு தனி ரயில் பிடித்து சோஃபியா வந்து சேர்ந்தாள். அதிர்ச்சி தாங்க மாட்டார் என்று மருத்துவர்களும் பிள்ளைகளும் அவளை உள்ளே விடவில்லை. அவள் வந்திருப்பதையே அவரிடம் சொல்லவில்லை. பக்கவாட்டுத் தண்டவாளத்தில் நின்ற ரயில்பெட்டியில் தங்கிக்கொண்டு, பகலில் வந்து ஜன்னல் வழியே பார்ப்பாள். கடைசி நேரத்தில் அவர் சொன்னதாக, உண்மை என்றும் நேசிக்கிறேன் என்றும் துண்டு துண்டாகச் சில சொற்களை அருகிலிருந்தவர்கள் குறித்து வைத்தார்கள்; குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நவம்பர் 7 அதிகாலை, அவருக்கு நினைவு தப்பிய பிறகு சோஃபியாவை உள்ளே விட்டார்கள். 6 மணி 5 நிமிடத்துக்கு உயிர் பிரிந்தது. அவள் வெளியே நின்று கண்ணாடியில் முகம் வைத்துப் பார்க்கும் காட்சி, அங்கே வந்திருந்த பதே என்ற பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனத்தின் படச்சுருளில் இருக்கிறது.